பச்சைத் திரையின் முன்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் ரம்புக்கனையை விட்டுப் புறப்பட்டதும் மலையேறத் தொடங்குகின்றது. நீராவி இயந்திரங்களின் காலத்தில் இவ்விடத்தில் வண்டியின் பின்புறம் இன்னோர் இயந்திரம் பூட்டப்பட்டு, கடுகண்ணாவை வரை அது தள்ளி ஏற்றப்பட்டது. 1867இல் கண்டிக்குப் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு இவ்வழியே தோட்டங்களுக்கு ஆட்கள் ஏறிச் சென்றனர். கோப்பியும், பின்னர் தேயிலையும் றப்பரும் இறங்கி வந்தன. அதே பாதையால் ஆட்கள் இறங்கிச் சென்ற காலமும் ஒன்று இருந்தது. அதுபற்றிப் பின்னர் கூற வேண்டியிருக்கின்றது.

நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு வரும் வழியில், மருந்துக்கடை ஒன்றுக்கும் தையற்கடை ஒன்றுக்கும் இடையில், பன்னிரண்டடி அகலமே கொண்ட ஒரு ஸ்டூடியோ உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த இளைஞனொருவன் அங்கே மூன்று மாதம் நிற்கலாமென்று வந்து சேர்ந்தான். மூன்று மாதம் நான்கு ஆண்டுகளாயின. அவன் வந்தது அயலிலுள்ள றப்பர்த் தோட்டமொன்றிலிருந்து. தந்தையும் தாயும் பால்வெட்டுத் தொழிலாளர். கேகாலை மாவட்டத்தில் மலையகம் என்றவுடன் பலரின் கண்முன் தோன்றும் தேயிலைச் சரிவுகளைக் காட்டிலும் நிழலடர்ந்த றப்பர்க் காடுகளே மிகுதி. வெளியிலுள்ளவர்கள் மலையகத்தைப் பற்றி எழுதும்போது இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

கடையின் முதலாளி எழுபதை அண்மித்த சிங்களவர். படச்சுருளைக் கையாற் கழுவிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய ஸ்டூடியோவின் உட்சுவரில் சுருட்டி மாட்டப்பட்ட திரைச்சீலை ஒன்று இன்னும் இருக்கின்றது. விரித்தால் அதில் ஒரு நீர்வீழ்ச்சி. அதன் அருகே மாளிகைப் படிக்கட்டு. படிக்கட்டின் கீழே இரண்டு அன்னங்கள். நீர்வீழ்ச்சிக்கும் படிக்கட்டுக்கும் என்ன தொடர்பென்று வரைந்தவரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். ஆயினும் சுற்றுவட்டாரத்தில் ஒரு தலைமுறையின் திருமணப்படங்கள் அனைத்திலும் அந்த அன்னங்கள் நீந்துகின்றன.

இத்தகைய திரைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் நாடகக் கம்பனிகளுக்குத் திரை எழுதிய ஓவியர்களின் கைவண்ணமே பல படப்பிடிப்பு நிலையங்களிலும் புகுந்தது. நாட்காட்டித் தெய்வப்படங்களால் தென்னாடெங்கும் அறியப்பட்டவரும் 1976இல் மறைந்தவருமான சி. கொண்டையராஜு நாடகத் திரைச்சீலைகள் வரைந்தவர். கோவிற்பட்டியில் நிலைகொண்டபின் அவரது கலை ஸ்டூடியோவோடு இணைந்தே வளர்ந்தது. வடக்கே, இராசத்தானத்து நாத்துவாராவில், கோயிலுக்கு வந்த அடியாரின் முகத்தை நிழற்படத்திலிருந்து வெட்டியெடுத்து, ஸ்ரீநாத்ஜி சந்நிதியை வரைந்த ஓவியத்தில் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தாம் நிற்க விரும்பிய இடத்திலே தம்மை நிறுத்திப் பார்க்கும் ஆசை கணனியோடு பிறந்ததன்று. கத்தரிக்கோலும் பசையுமே அதற்குப் போதுமாயிருந்தன.

கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் வந்தபின் ஸ்டூடியோவைத் தேடி வருபவர்கள் குறைந்தனர். கடவுச்சீட்டுப்படம், அடையாள அட்டைப்படம், இறந்தோர் படத்தைப் பெருப்பித்தல் என்பனவே எஞ்சின. பின்னவலையில் 1975இல் தொடங்கப்பட்ட யானைகள் புகலிடத்தைப் பார்க்க வரும் பிறநாட்டாரிற் சிலர் ரம்புக்கனையூடாகச் செல்கின்றனர். எனினும் அவர்களும் தம் படத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றனர். இந்நிலையிலேதான் 2021ஆம் ஆண்டளவில், மாவனல்லையில் ஒரு கடையிற் கண்டதாகச் சொல்லி, முதலாளி பத்து முழப் பச்சைத் துணியொன்றை வாங்கி வந்தார். “இதற்கு முன்னால் ஆளை நிறுத்தினால் எந்த ஊரையும் பின்னால் வைக்கலாமாம். எப்படியென்று நீ பார்” என்றார். அன்னங்கள் நீந்திய திரை சுருட்டப்பட்டது.

துணியை வாங்குவது எளிது. மென்பொருளைத் தெரிவது எளிதன்று. கடையின் கணனியில் ஏலவே போட்டோஷொப் இருந்தது. அது எங்கிருந்து வந்ததென்று எவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய நிலையிலும் அது இல்லை. பழைய பதிப்பாகையால் அடிக்கடி நின்றுபோகும். முறையாகப் பெறுவதாயின், 2013 முதலாக அடோபி நிறுவனம் அதனை ஒருமுறை விலைக்கு விற்பதை விடுத்து மாதச் சந்தாவுக்கே வழங்கி வருகின்றது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, கணக்குக் கொப்பியில் அந்தச் சந்தாவை எழுதிப் பார்த்த இளைஞன் அதனை உடனேயே வெட்டிவிட்டான். பச்சைத்திரைப் படங்களுக்கென்றே ஆக்கப்பட்ட தனி மென்பொருள்களும் விற்பனையில் இருந்தன. ஓர் அழுத்தத்திற் பின்னணி நீங்குமென அவை உறுதியளித்தன. அவற்றையும் டொலரிலேயே வாங்கவேண்டும்.

மூன்றாவதாக இருந்தவை இணையத் தளங்கள். 2018 அளவிலிருந்து, பச்சைத் துணி இல்லாமலே, எந்தப் படத்தை அனுப்பினாலும் ஆளைப் பிரித்தெடுத்துத் தரும் சேவைகள் வந்துவிட்டன. ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டு பழகிய கணனி, இது மனிதன், இது சுவர் என்று தானே தீர்மானிக்கின்றது. இளைஞன் முதலில் இதிலேயே மயங்கினான். தலைமயிரின் இழைகளைக்கூட அது நேர்த்தியாகப் பிரித்தது. ஆயின் ஒரு முதியவரின் படத்தில் அவர் ஊன்றியிருந்த கைத்தடியைப் பின்னணியென்று கருதி நீக்கிவிட்டது. முதியவர் அந்தரத்திற் கையை ஊன்றி நின்றார். இன்னொரு படத்தில் மணப்பெண்ணின் கொண்டையைச் சுற்றியிருந்த கனகாம்பரச் சரத்திற் பாதி போய்விட்டது. இலவசமாகத் திருப்பித் தரப்படும் படமோ சிறியது. சுவரில் மாட்டுமளவுக்குப் பெருப்பிக்க இயலாதது. இவையெல்லாவற்றிலும் மேலாக, ஊராரின் முகங்களை அவர்களைக் கேளாமல் எங்கோ ஒரு நாட்டுக் கணனிக்கு அனுப்புவது அவனுக்குச் சரியாகப் படவில்லை. வாடிக்கையாளர் எவரும் அதனைப் பற்றி அவனிடம் வினவியதில்லை என்பது வேறு.

இறுதியில் அவன் தெரிந்தது கிம்ப் என்னும் இலவச மென்பொருள். 1995ஆம் ஆண்டளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்து மாணவர் இருவர் தொடங்கி வைத்தது அது. மாணவர் முயற்சியொன்று கால் நூற்றாண்டு கடந்து ரம்புக்கனைக் கடையொன்றிற் பயன்படுகின்றதென்பது, ஒப்படைகளைக் கடைசி இரவில் எழுதி முடிக்கும் நம்மனோர் சற்று நின்று எண்ணத்தக்கது. தெரிவிற்குக் காரணம் விலையின்மை மட்டுமன்று. கிம்ப் பழைய கணனியிலும் ஓடியது; இணையம் இல்லாதபோதும் ஓடியது. மின்சாரம் மட்டுமே அதற்கு வேண்டியிருந்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் தடைப்பட்டபோது அதுவும் கிட்டாதாயிற்று. அக்காலத்தில் அவன் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் தான் கற்றவற்றைத் தமிழில் எழுதி வைத்தான். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் யூடியூபில் இட்ட பாடங்களே அவனுக்குக் குரு. அவர்கள் ‘லேயர்’ என்றதை அவன் ‘படலம்’ என்றும், ‘மாஸ்க்’ என்றதை ‘மூடி’ என்றும் எழுதிக்கொண்டான்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. பச்சைத் துணியின் முன் தன் தங்கையை நிறுத்திப் படமெடுத்தான். ஒரு நிறத்தைக் காட்டினால் அதனை ஒளிபுகவிடுந் தன்மையாக மாற்றும் கட்டளையொன்று கிம்பில் உண்டு. பச்சையைக் காட்டினான். துணி மறைந்தது. ஆனால் பின்னால் வைத்த கடல் தங்கையின் முகத்தினூடாகவும் தெரிந்தது. அவள் ஆவி போல நின்றாள். வீட்டில் அனைவரும் சிரித்தனர். தாய் மட்டும் அந்தப் படத்தை உடனே அழிக்கச் சொன்னாள்.

காரணத்தை அறிய அவனுக்கு இரண்டு கிழமை பிடித்தது. கணனியைப் பொறுத்தவரை படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களின் கூட்டு. பச்சை என்பது துணியில் மட்டும் இருப்பதன்று. முகத்திலும் ஓரளவு பச்சை எண் இருக்கின்றது. எனவே பச்சையை நீக்கு என்றால் முகத்திலிருந்தும் ஒரு பங்கு நீங்கிவிடும். செய்யவேண்டியது வேறு. ஒவ்வொரு புள்ளியிலும் பச்சை எண் மற்றை இரண்டையும் விட எவ்வளவு மிகுந்திருக்கின்றது என்று பார்க்கவேண்டும். துணியில் அந்த மிகை பெரிது. மனிதத் தோலிலோ அது இல்லவே இல்லை. ஏனெனில் தோல் கருமையாயினும் வெண்மையாயினும் அதிற் சிவப்பே பச்சையிலும் மிகுந்திருக்கும். துரையின் முகமும் பால்வெட்டுக்காரரின் முகமும் இக்கணக்கில் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்துப் பழகிய உலகில், நிறத்தையே கணக்கிடும் பொறியொன்று அப்பிரிவைக் காணாதிருப்பது வேடிக்கைதான்.

இந்நிற வேறுபாட்டுக் கணக்கு கணனிக்கும் முந்தியது. பெட்ரோ விளாகோஸ் என்னும் பொறியியலாளர் படச்சுருளின் காலத்திலேயே இதனை வகுத்தார். 1959இல் வெளியான பென்ஹர் திரைப்படத்தில் அது பயன்பட்டது. அதற்கும் முன்னர், 1940இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ என்ற ஆங்கிலப் படத்தில் லோரன்ஸ் பட்லர் நீலத்திரையைக் கையாண்டார். அப்படத்தில் திருடனாக நடித்த சாபு, மைசூரில் யானைப்பாகன் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பூதத்தைப் பற்றிக்கொண்டு வானிற் பறந்த அச்சிறுவனின் கதையைப் படித்தபோது, மகா ஓயாவில் யானைகள் குளிப்பதைத் தினமும் காணும் ஊரிலிருந்த இளைஞனுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. அதே 1940இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திர’னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். ஒருவரே இருவராய் நிற்பதைக் கண்டு அக்காலத்து மக்கள் வியந்திருப்பர்.

நீலம் பின்னர் பச்சையானதற்குக் காரணம் கமராவின் உள்ளே இருக்கின்றது. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இற் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, மின்கமராவின் உணரியில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சையைக் காண்பன. சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மனிதக் கண் பச்சையையே மிகக் கூர்மையாக உணர்வதால் அவ்வாறு அமைத்தனர். ஆகவே பச்சைப் பின்னணியின் ஓரங்களைக் கமரா தெளிவாகப் பிடிக்கின்றது.

மென்பொருள் செய்யும் வேலையிற் பெரும்பகுதியை விளக்குகளே செய்துவிடுகின்றன என்பது அவன் அடுத்து அறிந்தது. துணியில் மடிப்பிருந்தால் ஒவ்வொரு மடிப்பும் வேறொரு பச்சை. ஆகவே இரவில் துணியை நனைத்து இழுத்துக் கட்டினான். துணிக்கென இருபுறமும் இரண்டு விளக்குகள், ஆளுக்கென வேறு விளக்குகள். ஆள் துணியிலிருந்து ஆறடியாவது முன்னால் இருக்கவேண்டும். இல்லாவிடின் துணியின் பச்சை தோளிலும் கன்னத்திலும் படியும். பன்னிரண்டடிக் கடையில் ஆறடியைத் துணிக்கு விட்டால் கமராவுக்கு இடமில்லை. எனவே கமராவைத் தெருவோர வாசற்படியில் வைத்தான். படமெடுக்கும் நேரங்களில் வாடிக்கையாளர் பக்கவாட்டில் ஒதுங்கி உள்ளே வரவேண்டியதாயிற்று. முதலாளி முணுமுணுத்தார், பின் பழகிவிட்டார்.

எந்தப் பாடத்திலும் சொல்லப்படாத இடையூறு ஒன்று இருந்தது. அது தேங்காயெண்ணெய். படமெடுக்க வருகின்றோமென்று தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரி வருவோரின் கூந்தல் கண்ணாடி போலப் பச்சையைப் பிரதிபலித்தது. மூக்குத்தியும் தோடும் அவ்வாறே. கணனி தலைமயிரின் ஓரத்தைத் துணியென்று எண்ணி அரித்துவிடும். எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று தோட்டத்துப் பெண்களிடம் சொல்வதைக் காட்டிலும் விளக்கை மாற்றுவது இலகுவென்று கண்டு, தலைக்குப் பின்னால் மேலிருந்து சிறு விளக்கொன்றைத் தொங்கவிட்டான். கமராவையும், எல்லாவற்றையும் சுருக்கிச் சேமிக்கும் வழமையான கோப்பை விடுத்து, உணரி கண்டதை முழுமையாகத் தரும் கோப்புக்கு மாற்றினான். சுருக்கப்பட்ட கோப்பில் ஒளி நுணுக்கமாகவும் நிறம் பரும்படியாகவும் சேமிக்கப்படுவதால் ஓரங்கள் பற்கள் போலத் தோன்றும்.

2023 தைப்பொங்கலுக்குள் வேலை வசப்பட்டது. மக்கள் வந்தனர். அவர்கள் கேட்டவையெல்லாம் பனிமலை, ஈபெல் கோபுரம், தாஜ்மகால், துபாயின் உயர்ந்த கட்டடம். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் மகளைத் தாய் தந்தையோடு ஒரே வரவேற்பறையில் நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. பச்சை மரங்களுக்கிடையே வாழ்பவர்கள் பச்சையை நீக்கிப் பனியைக் கேட்பதை இகழ்வது எளிது. லயத்துச் சுவரின் பின்னணியிலேயே வாழ்நாள் முழுதும் பார்க்கப்பட்டவர்கள் ஒருநாளைக்கு வேறொன்றன் முன் நிற்க விரும்புவதில் இகழ என்ன இருக்கின்றது? பனிமலையைக் கேட்டு எழுதும் நம் இளங்கவிஞர்களை எவரும் இவ்வாறு கேட்பதில்லை.

சித்திரை கழிந்து ஒரு பிற்பகல், அவனுடைய தோட்டத்திலிருந்தே ஒரு மூதாட்டி வந்தாள். வயது எழுபத்துநான்கு. கையிற் பொலித்தீன் உறையில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் படம். முப்பதைக் கடந்த ஆணொருவர், மார்பளவு, சட்டைப்பையிற் பேனா.

“தம்பி, இது எங்கண்ணன். எனக்குப் பக்கத்துல நிக்க வச்சுத் தரமுடியுமா?”

“வைக்கலாம் பாட்டி. வேற படம் இல்லையா?”

“இது ஒண்ணுதான். பாசுபோட்டுக்கு எடுத்தது. மிச்சத்தக் கொண்டு போயிட்டாங்க.”

இந்நாட்டு வரலாற்றைப் பாடமாகக் கற்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும் என்றது. பிறப்பைப் பதியாத தலைமுறைகளிடம் அது சான்று கேட்டது. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சமமாகப் பங்கிடப்பட்டனர். மூதாட்டி மணம்புரிந்த குடும்பம் இலங்கைக்கு விண்ணப்பித்தது, தமையன் இந்தியாவுக்கு. ஒரே லயத்தில், ஒரே காம்பராவிற் பிறந்த இருவர் இரு நாட்டவராயினர்.

1977இல் அவர் சென்றார். ரம்புக்கனை நிலையத்தில் வண்டியேறி, பொல்காவலையில் இறங்கி, வடபாதை வண்டியில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். தாயகம் திரும்பியோருக்கென 1976இற் கேரளத்துப் புனலூரில் அமைக்கப்பட்ட றப்பர்த் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இங்கே வெட்டிய அதே பாலை அங்கே வெட்டினார். 1984இற் கப்பல் நின்றது. அதன்பின் அவர் வரவில்லை; இவளும் போகவில்லை. புனலூரில் அவர் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது.

இளைஞன் மூதாட்டியைப் பச்சைத் துணியின் முன் நாற்காலியில் அமர்த்தியபோதுதான் கவனித்தான்: அவள் உடுத்தி வந்தது பச்சைச் சேலை. மகன் கொழும்பிலிருந்து வாங்கி வந்த பட்டு. அவளிடமிருந்த நல்ல சேலை அது ஒன்றே. கணனிக்குத் துணியும் சேலையும் ஒன்றுதான். முகமும் இரண்டு கைகளும் மட்டுமே மிஞ்சும். வேறு சேலையில் இன்னொரு நாள் வரமுடியுமா என்று கேட்டான். “இதக் கட்டிக்கிட்டு எடுக்கணும்னுதான் வந்தேன்” என்றாள். கடவுச்சீட்டுப் படத்துக்கு மாட்டும் வெளிர்நீலத் துணியோ மிக மங்கலானது. அந்நீலத்தை நரைத்த தலையிலிருந்து கணனியாற் பிரிக்க இயலாது. இரண்டு ஆண்டுகள் கற்ற வித்தை அத்தருணத்திற் பயன்படவில்லை. சாம்பல்நிறச் சுவரின் முன்னேயே அவளை அமர்த்தினான்.

விளக்கை எங்கே வைப்பதென்பதற்குப் பழைய படத்தையே கேட்டான். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகின்றதோ அதற்கு எதிர்ப்பக்கமே ஒளி வந்த திசை. 1977இல் எவரோ ஒரு படப்பிடிப்பாளர் வைத்த விளக்கின் இடத்தை அந்நிழல் காட்டிற்று. அதே பக்கத்தில், அதே உயரத்தில் அவனும் வைத்தான். பின்னர் மூன்று இரவுகள், பேனாக் கருவியால், ஒவ்வொரு புள்ளியாக, தமையனின் காதையும் கழுத்துப்பட்டியையும் சுற்றிக் கோடு வரைந்து வெட்டினான். மூதாட்டியையும் அவ்வாறே. அவளது படத்தின் நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, பழைய படத்திலிருந்த பொறிகளைப் போன்றவற்றை அதன்மேலும் தூவினான். இருவரும் ஒரே தாளில் அச்சானவர்போற் பொருந்தினர். சேலை பச்சையென்பது இனி அவளுக்கு மட்டுமே தெரியும்.

இது பொய்யில்லையா என்ற கேள்வி அவனை இடையில் நிறுத்தியது. அக்கேள்வி பழையது. 1858இல் ஹென்றி பீச் ரொபின்சன் என்னும் ஆங்கிலேயர் ஐந்து எதிர்த்தகடுகளை இணைத்து, இறக்கும் தறுவாயிலுள்ள ஒரு பெண்ணையும் அவளைச் சூழ்ந்திருக்கும் குடும்பத்தையும் ஒரே படமாக்கியபோது, அது நடக்காத ஒன்றெனச் சிலர் கண்டித்தனர். அடையாள அட்டைக்கு இவ்வாறு செய்தல் குற்றம்; அதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயின் மூதாட்டி எந்த அலுவலகத்துக்கும் இதனைக் கொண்டுபோகப் போவதில்லை. இருவரும் அருகருகே நின்றதில்லையென்று எவராவது சொன்னால், அதுதான் பெரிய பொய்யாகும். நின்றார்கள், படமெடுக்க எவருமில்லை. அவ்வளவே.

பின்னணியாக என்ன வைப்பதென்று கேட்டபோது, “எங்க பழைய லயம்” என்றாள். அந்த லயம் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள். அதன் படம் எவரிடமும் இல்லை. கணனியில் உலகின் எந்த நகரமும் கிடைத்தது. பத்துக் காம்பராக்களைக் கொண்ட அந்தத் தகரக் கூரை கிடைக்கவில்லை. வேறொரு தோட்டத்து லயத்தை வைக்கட்டுமா என்றான். வேண்டாமென்று தலையசைத்தாள். பழைய படத்திலிருந்த வெறுஞ்சாம்பற் பின்னணியையே இருவருக்கும் விரித்தான்.

அச்சிட்டதைக் கையில் வாங்கிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். “என்னய்யா, புருசன் பொண்டாட்டி மாதிரி நிக்க வச்சிருக்க!” தமையன் அவளுக்கு வலப்பக்கத்தில் நின்றார், மனைவிக்கு வலப்பக்கம் கணவன் நிற்பதே நம் வழக்கம். முதலாளி, படத்தைக் கண்ணாடியிற்போலத் திருப்பிவிட்டாற் போதுமென்றார். திருப்பினாற் சட்டைப்பையும் பேனாவும் வலப்புறம் வந்துவிடும், தலைவகிடும் மாறும். படலங்களைத் தனித்தனியே வைத்திருந்தமையால் அவரை அப்படியே நகர்த்தி மற்றைப் பக்கத்தில் நிறுத்தினான். ஒளியின் திசை மாறவில்லை. அவள் நெடுநேரம் பார்த்தாள். பேரனைப் போல இருக்கின்றான் அண்ணன், என்றாள்.

பேரப்பிள்ளை ஒருத்தி அப்படத்தை வாட்ஸ்அப்பிற் புனலூருக்கு அனுப்பினாள். சில நாட்களில் அங்கிருந்து தமையனின் மகள் ஒரு வண்ணப்படத்தைத் திருப்பி அனுப்பினாள். இறப்பதற்கு ஓராண்டு முன் எடுத்ததாம். றப்பர் மரத்தின் கீழ், நரைத்த தலையும் குழிந்த கன்னமுமாக ஒரு கிழவர் நிற்கின்றார். பின்னால் எங்கும் பச்சை. மூதாட்டி தொலைபேசியையும் தூக்கிக்கொண்டு மீண்டும் கடைக்கு வந்தாள். இளைஞன் கணனியைத் திறந்து, இந்த முகத்தை வைத்தால் வயது பொருந்தும் பாட்டி, இரண்டு நாளில் மாற்றித் தருகின்றேன் என்றான்.

அவள் தொலைபேசியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள், விலக்கிப் பார்த்தாள்.

“இது எங்கப்பா மாதிரியே இருக்கு” என்றாள். “அதையே வச்சிரு தம்பி. இவர எனக்குத் தெரியாது.”